நிலக்கரி விளைந்த மெக்டவல் ஏன் ஏழையாக இருக்கிறது?

கேள்வி இது: "அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மெக்டவல் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போல ஒரு நிர்வாகப் பகுதி) ஒரு காலத்தில் நாட்டுக்கே நிலக்கரி கொடுத்தது என்கிறார்கள். இன்று நாட்டின் மிக ஏழ்மையான கவுன்டிகளின் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு வளம் உள்ள இடம் எப்படி இப்படி ஆனது? இப்போது அங்கே என்ன இருக்கிறது?"

இதற்குப் பலரும் சொல்லும் பதில், நிலக்கரி தீர்ந்துவிட்டது, அதனால் ஊர் அழிந்துவிட்டது என்பது. அது சரியில்லை. நிலக்கரி இன்னும் இருக்கிறது, இன்றும் வெட்டுகிறார்கள். மக்கள் தொகை பாதாளத்துக்குச் சரியத் தொடங்கிய வருடங்களில் வெட்டி எடுத்த அளவு உச்சத்தில் இருந்தது. அதனால் எவ்வளவு நிலக்கரி இருந்தது என்று கேட்பதைவிட, அந்த நிலம் யார் பேரில் இருந்தது என்று கேட்டால்தான் இந்த ஊரின் கதை புரியும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடிக் கவுன்டி இது. பரப்பு சுமார் 1,385 சதுர கிலோமீட்டர். அப்பலாச்சியன் மலைப் பகுதியில், ஓடைகள் ஆழமாக அறுத்துப்போன குன்றுகளின் கூட்டம். டக் ஃபோர்க், எல்க்ஹார்ன், டிரை ஃபோர்க் ஆகியவை முக்கியமான நீரோட்டங்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, நடுவில் ஓடை, ஓடையை ஒட்டி ஒரு துண்டு சமதளம். பல இடங்களில் அந்தத் துண்டுக்குள்தான் ரயில் பாதை, சாலை, வீடு, கடை, பள்ளி எல்லாமே அடங்க வேண்டும். பெரிய அளவில் விவசாயம் செய்ய இடமில்லை. தொழிற்சாலை கட்ட வேண்டுமென்றால் மலையை வெட்டிச் சமன்படுத்த வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெள்ளம், குடிநீர், சாக்கடை என்று எதைப் பேசினாலும் இந்தக் குறுகலான பள்ளத்தாக்குக்குத்தான் வந்து நிற்போம்.

1858-ல் டேஸ்வெல் கவுன்டியிலிருந்து பிரித்து இதை உருவாக்கினார்கள். அப்போது இது வர்ஜீனியா மாநிலம். உள்நாட்டுப் போரின் நடுவே 1863-ல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது அதோடு சேர்ந்தது. 1880 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 3,074 பேர். சோளம் போட்டு, பன்றி வளர்த்து, வேட்டையாடி வாழ்ந்த மலைக் குடும்பங்கள். காலுக்குக் கீழே நிலக்கரி இருப்பது அவர்களுக்குத் தெரியாததல்ல, ஓடைக் கரைகளில் கறுப்பாகத் தெரியும். ஆனால் ரயில் இல்லாத ஊரில் அதற்கு விலையே கிடையாது.

விலை இருப்பது வெளியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. உள்நாட்டுப் போரில் தென்தரப்புக்கு வரைபடம் வரைந்து கொடுத்த ஜெடடையா ஹாட்ச்கிஸ் போருக்குப் பிறகு இந்தப் பகுதியின் கனிம வளத்தைப் பற்றி முதலீட்டாளர்களிடம் விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். அவருக்காக இங்கே வந்து நிலத்தை ஆராய்ந்தவர் ஐசாயா வெல்ச். கவுன்டியின் தலைநகரான வெல்ச் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1881-ல் பிலடெல்பியாவின் ஒரு வங்கிக் குழு நொடித்துக் கிடந்த ஒரு ரயில் கம்பெனியை வாங்கி நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்று பெயர் மாற்றியது. அதன் தலைவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் கிம்பால் பாதையை நிலக்கரி இருக்கும் திசைக்குத் திருப்பினார். 1883-ல் பக்கத்துக் கவுன்டியில் இருக்கும் போக்கஹான்டாஸ் ஊரிலிருந்து முதல் நிலக்கரி ரயில் கிளம்பியது. 1888-ல் ஃபிளாட் டாப் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டு ரயில் மெக்டவலுக்குள் வந்தது. 1892-ல் பாதை ஓஹியோ வரை போய்ச் சேர்ந்தது. அதே வருடம் கவுன்டியின் தலைநகரமும் ரயில் பாதையில் இருந்த வெல்ச்சுக்கு மாறியது.

ரயில் வருவதற்கு முன்பே நிலம் கைமாறத் தொடங்கிவிட்டது. அப்பலாச்சியாவில் மண்ணின் மேற்பரப்பும் கீழே இருக்கும் கனிமமும் தனித்தனிச் சொத்து. ஒருவர் வீட்டையும் தோட்டத்தையும் தன் பேரில் வைத்துக்கொண்டு, கீழே இருப்பதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். ரொக்கப் பணத்தைக் கண்ணால் காண்பதே அரிதான குடும்பங்களிடமிருந்து ஏஜென்ட்டுகள் ஏக்கருக்குச் சொற்ப விலை கொடுத்துக் கனிம உரிமையையோ முழு நிலத்தையோ வாங்கினார்கள். பழைய பட்டாக்களில் குழப்பம் வேறு நிறைய. வழக்காடப் பணம் இருந்தவர் பக்கமே நிலம் போனது. இப்படிச் சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதி பிலடெல்பியாக்காரர்களின் ஃபிளாட் டாப் நிலக்கரி நிலச் சங்கத்திடம் இருந்தது. 1901-ல் ரயில் கம்பெனியே இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 3 லட்சம் ஏக்கரை அதனிடமிருந்து வாங்கிவிட்டது. நிலக்கரியை ஏற்றிப் போகும் ரயில் கம்பெனிதான் நிலத்துக்கும் சொந்தக்காரர். சுரங்கக் கம்பெனிகள் அதனிடம் குத்தகைக்கு எடுத்து, டன்னுக்கு இவ்வளவு என்று ராயல்ட்டி கட்டின.

கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு டன் நிலக்கரி வெளியே போகும்போது அதிலிருந்து மூன்று வகையில் பணம் பிறந்தது: நில உரிமையாளருக்கு ராயல்ட்டி, சுரங்கக் கம்பெனிக்கு லாபம், ரயிலுக்குச் சரக்குக் கட்டணம். மூன்றும் கவுன்டியை விட்டு வெளியே போயின. உள்ளே நின்றது கூலி மட்டும். அந்தக் கூலியும் முழுசாக நிற்கவில்லை.

அதற்கு முன் அந்த நிலக்கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாதாரணச் சரக்கு அல்ல. போக்கஹான்டாஸ் எண் 3 என்ற படுகை உலகத்தின் மிகச் சிறந்த நிலக்கரிகளில் ஒன்று. கந்தகம் குறைவு, சாம்பல் குறைவு, எரிந்தால் புகை மிகக் குறைவு. அமெரிக்கக் கடற்படை நீராவிக் கப்பல்களுக்கு இதை விரும்பி வாங்கியது. போர்க்கப்பல் கக்கும் புகை தொலைவிலிருந்தே அதைக் காட்டிக்கொடுத்த காலம் அது. அதைவிட முக்கியம், இதைச் சூளையில் சுட்டால் உருக்கு ஆலைகளுக்குத் தேவையான நல்ல கோக் என்ற எரிகரி கிடைக்கும். எல்க்ஹார்ன் ஓடை நெடுக வரிசை வரிசையாகக் கோக் சூளைகள் இரவும் பகலும் எரிந்தன. காட்டையும் விட்டுவைக்கவில்லை. ஓக், பாப்லர் போன்ற கெட்டி மரங்களை ரிட்டர் போன்ற மரக் கம்பெனிகள் வெட்டித் தள்ளின. சுரங்கக் கூரையைத் தாங்கவும் மரம் தேவைப்பட்டது. இன்று அங்கே பச்சைப் பசேலென்று தெரிவது பெரும்பாலும் அதற்குப் பின் முளைத்த காடு.

1902 வாக்கில் யு.எஸ். ஸ்டீல் என்ற பெரிய உருக்குக் கம்பெனி உள்ளே வந்தது. பெரும் பரப்பைக் குத்தகைக்கு எடுத்து, கேரி என்ற ஊரையும் அதைச் சுற்றி எண்ணிட்ட சுரங்கங்களையும் குடியிருப்புகளையும் உருவாக்கியது. கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயர்தான் அது. இண்டியானாவில் இருக்கும் உருக்கு நகரத்துக்கும் அவர் பெயரே. ஒரே மனிதரின் பெயரில் இரண்டு ஊர்கள், ஒன்று நிலக்கரி வெட்ட, மற்றது உருக்கு வார்க்க. பணமும் முடிவுகளும் இரண்டுக்கும் வெளியிலிருந்து வந்தன.

இந்தக் குடியிருப்புகளைக் கோல் கேம்ப் என்பார்கள். வீடு கம்பெனியுடையது. கடை கம்பெனியுடையது. டாக்டர், பள்ளிக் கட்டடம், சர்ச், குடிநீர்க் குழாய், சில இடங்களில் போலீஸ்கூட கம்பெனியுடையதுதான். பல கேம்ப்களில் சம்பளத்துக்கு முன்பணமாக ஸ்கிரிப் என்ற கம்பெனி வில்லைகளைக் கொடுப்பார்கள். அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். வேலை போனால் வீடும் போகும். எல்லாக் கேம்ப்பும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேரியிலும் கோல்வுட்டிலும் வாழ்ந்தவர்கள் நல்ல வீடுகளையும் ஒழுங்கான பள்ளிகளையும் கம்பெனி நடத்திய பந்தாட்ட அணிகளையும் பாசத்தோடு நினைவுகூர்வார்கள். அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் வீட்டை வாங்கவோ, கடை வைக்கவோ, சொத்துச் சேர்க்கவோ ஒரு தலைமுறைக்கு வழியே இல்லாமல் போனதும் அதே ஏற்பாட்டால்தான்.

வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? மலைக் குடும்பங்கள் போதவில்லை. ஹங்கேரி, இத்தாலி, போலந்திலிருந்து வந்தார்கள். வர்ஜீனியா, கரோலினா, அலபாமாவிலிருந்து கறுப்பினத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1880-ல் 3,074 ஆக இருந்த மக்கள் தொகை 1900-ல் 18,747, 1920-ல் 68,571, 1950-ல் 98,887. அந்த உச்சத்தில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்.

மெக்டவலைப் பற்றி எழுதுபவர்கள் இந்தப் பகுதியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்களின் ஓட்டுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்திருந்த அதே காலத்தில், மேற்கு வர்ஜீனியாவில் அவர்கள் ஓட்டுப் போட முடிந்தது. பள்ளிகள் தனித்தனிதான், குடியிருப்புகளும் பெரும்பாலும் தனித்தனிதான். ஆனாலும் வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்ததால் சுரங்கத்துக்குள் ஒரே வேலைக்கு ஒரே கூலி கிடைக்க வாய்ப்பு இருந்தது. கீஸ்டோன் ஊரிலிருந்து மெக்டவல் டைம்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகை 1904 முதல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் விட்டிகோ இந்தக் கவுன்டியை 'சுதந்திர நாடான மெக்டவல்' என்றே எழுதுவார். சட்டமன்ற உறுப்பினர் ஹார்ப்பர் இறந்ததால் அவர் மனைவி மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பரை 1928-ல் ஆளுநர் அந்த இடத்துக்கு நியமித்தார். அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதே வருடம் கிம்பால் ஊரில் முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பினப் படைவீரர்களுக்காக நினைவுக் கட்டடம் திறந்தார்கள். நாட்டில் அப்படிப்பட்ட முதல் கட்டடம் அது. பின்னால் தீப்பிடித்துச் சுவர்கள் மட்டும் நின்றன. மறுபடி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து தொழிற்சங்கம். 1930-களின் தொடக்கம் வரை இந்தக் கம்பெனிகள் சங்கத்தை உள்ளே விடவில்லை. பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை வைத்துச் சங்கம் சேர்ந்தவர்களைக் குடும்பத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1920 மே மாதம் பக்கத்து மிங்கோ கவுன்டியின் மேட்வான் ஊரில் அப்படி வெளியேற்ற வந்தவர்களுக்கும் தொழிலாளர் பக்கம் நின்ற போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஏழு துப்பறிவாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். ஒரு வருடம் கழித்து, 1921 ஆகஸ்ட் 1 அன்று, வேறொரு வழக்குக்காக வெல்ச் நீதிமன்றத்துக்கு வந்த ஹாட்ஃபீல்டையும் அவர் நண்பர் எட் சேம்பர்ஸையும் நீதிமன்றப் படிக்கட்டிலேயே பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். இருவர் கையிலும் ஆயுதம் இல்லை. இருவருடைய மனைவிமாரும் பக்கத்தில் இருந்தார்கள். சுட்டவர்கள் தற்காப்பு என்று சொல்லி விடுதலையானார்கள். அந்தக் கொலையின் கோபத்தில்தான் அதே மாதக் கடைசியில் ஏறக்குறைய 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதத்தோடு கிளம்பி, லோகன் கவுன்டியில் பிளேர் மலையில் மோதினார்கள். மத்திய ராணுவம் வந்த பிறகுதான் அது அடங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீதிமன்றம் இன்றும் வெல்ச்சில் இயங்குகிறது. படிகளும் அப்படியே இருக்கின்றன.

உயிர்ப்பலி துப்பாக்கியால் மட்டும் இல்லை. 1940 ஜனவரி 10 அன்று பார்ட்லி சுரங்கத்தில் வாயு வெடித்து 91 பேர் இறந்தார்கள். ஒவ்வொருவராகக் கூரை சரிந்து செத்தவர்களின் கணக்கு தனி. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கறுத்துப்போன நோயை நோயாகவே ஒப்புக்கொள்ள வைக்க 1969-ல் மேற்கு வர்ஜீனியா முழுவதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதே வருடக் கடைசியில் மத்திய அரசு சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நோய் போய்விடவில்லை. தடித்த படுகைகள் முடிந்து, பாறையோடு சேர்த்து மெல்லிய படுகைகளை இயந்திரத்தால் அறுக்கும்போது சிலிக்கா தூசி அதிகம் வருகிறது. இந்த நூற்றாண்டில் மத்திய அப்பலாச்சியாவில் நடுவயதிலேயே நோயின் மிகக் கொடிய வடிவம் மீண்டும் பரவியிருக்கிறது.

சரி, வீழ்ச்சிக்கு வருவோம். 1950-ல் 98,887 பேர். 1960-ல் 71,359 பேர். பத்தே வருடத்தில் 27,000-க்கு மேல் காணாமல் போனார்கள். மண்வெட்டியால் வண்டியில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்களின் இடத்தை முதலில் அள்ளும் இயந்திரமும், அப்புறம் அறுத்து அள்ளி ஒரே மூச்சில் அனுப்பும் இயந்திரமும் பிடித்துக்கொண்டன. சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் 1950 ஒப்பந்தத்தில் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. குறைந்த ஆட்கள், நல்ல கூலி, ஒவ்வொரு டன்னுக்கும் மருத்துவ, ஓய்வூதிய நிதி என்பது அவர் கணக்கு. வேலையில் நின்றவர்களுக்கு அது நல்லதாகத்தான் முடிந்தது. வெளியே போனவர்களுக்கு வேறு தொழில் எதுவும் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. டெட்ராய்ட், கிளீவ்லாந்து, வட கரோலினா என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். அதே காலத்தில் ரயில்கள் டீசலுக்கும் வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின.

1960 தேர்தல் பிரச்சாரத்தில் ஜான் கென்னடி இந்த மாநிலத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த வருடம் ஓஹியோவில் பேசும்போது மெக்டவலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்: வரலாற்றில் இல்லாத அளவு நிலக்கரி வெட்டுகிறார்கள், ஆனால் நாட்டிலேயே அரசு கொடுக்கும் உபரி உணவுப் பொட்டலத்தை வாங்கி வாழ்பவர்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான், காரணம் மனிதர்கள் செய்த வேலையை இயந்திரம் செய்கிறது என்றார். ஒரு அரசியல்வாதி இவ்வளவு துல்லியமாகச் சொன்னது அபூர்வம். அவர் பதவிக்கு வந்ததும் 1961 மே 29 அன்று வெல்ச்சில்தான் உணவு ஸ்டாம்ப் (கடையில் உணவு வாங்க அரசு தரும் கூப்பன்) திட்டத்தின் சோதனை தொடங்கியது. 15 பேர் கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளர் குடும்பம் 95 டாலர் மதிப்புள்ள ஸ்டாம்ப்களை வாங்கியது. இன்று நாடு முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் உணவு உதவித் திட்டத்தின் தொடக்கம் அது. 1964-ல் சட்டமானது.

1970-களின் எண்ணெய் நெருக்கடியில் நிலக்கரிக்கு மறுபடி மவுசு வந்தது. மக்கள் தொகை 50,000-ஐ ஒட்டி நின்றது. வெளியூர் போனவர்கள் சிலர் திரும்பினார்கள். அந்த நம்பிக்கையின் காலத்தில்தான் நார்த்ஃபோர்க் என்ற சின்ன ஊரின் பள்ளிக் கூடைப்பந்து அணி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு முறை மாநில சாம்பியன் ஆனது. அங்கே வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நிலக்கரிக்கு முன் இந்தக் கதை வரும். அப்புறம் அமெரிக்க உருக்குத் தொழில் சரிந்தது. 1980-களின் முற்பாதியில் யு.எஸ். ஸ்டீல் கேரியில் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடி, 1986-ல் முழுசாக வெளியேறியது. நார்த்ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியும் அந்தக் காலத்திலேயே மூடப்பட்டது. 1990-ல் 35,233 பேர், 2010-ல் 22,113, 2020-ல் 19,111. உச்சத்தில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இப்போது ஒருவர்.

"அவ்வளவு வருடம் வரி வாங்கியிருப்பார்களே, அதை வைத்து ஏதாவது செய்திருக்கலாமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்ணுக்குள் வெட்டாமல் கிடக்கும் நிலக்கரிக்குப் பல காலம் பெயருக்குத்தான் சொத்துவரி. வெட்டிய நிலக்கரி மீதான வரியில் பெரும்பங்கு மாநிலக் கருவூலத்துக்குப் போனது, கவுன்டிக்கு வந்தது சின்னத் துண்டு. 1974-ல் ஹன்டிங்டன் நகரத்து நாளிதழ் ஒன்று பத்திரப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, வெளி மாநில நிறுவனங்கள் இரண்டு டஜன் மட்டுமே மாநிலத்தின் தனியார் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வைத்திருப்பதாக எழுதியது. அலாஸ்கா 1976-லேயே எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை வருங்காலத்துக்கென்று நிதியாக ஒதுக்கியது. மேற்கு வர்ஜீனியா அப்படி ஒரு நிதிக்குச் சட்டம் போட்டது 2014-ல். போட்ட பிறகும் வருடக்கணக்கில் அதில் பணம் வைக்கவில்லை. நூற்றாண்டுக்கு மேல் வெட்டி முடித்த பிறகு வந்த சட்டம் அது. வளம் ஒரு சாபம் என்று பொதுவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. யாரோ சிலர் எழுதிய பத்திரங்களும், சட்டமன்றம் போட்ட, போடாமல் விட்ட சட்டங்களும் சேர்ந்து செய்த வேலை இது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். குடிநீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அன்றாடம் உறுத்தும் விஷயம்.

கேம்ப்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது கம்பெனிகள் என்று சொன்னேன் அல்லவா. கம்பெனி போனபோது அந்தக் குழாய்களும் தொட்டிகளும் பம்புகளும் யாருடையது? சில இடங்களில் சின்ன நகராட்சி எடுத்துக்கொண்டது. சில இடங்களில் ஊர்க்காரர்களே சங்கம் வைத்து ஓட்டினார்கள். சில இடங்களில் யாருமே இல்லை. ஆயிரம் வீட்டுக்குப் போட்ட அமைப்பை நூறு வீடு கட்டும் கட்டணத்தில் பராமரிக்க முடியாது. கசிவு, அழுத்தம் இல்லாமை, கலங்கல், அப்புறம் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு. கீஸ்டோன், நார்த்ஃபோர்க் பகுதியில் இந்த அறிவிப்பு வருடக்கணக்கில் நீடித்தது. சாலையோரம் மலை ஊற்றிலோ பழைய சுரங்க வாயிலோ கொட்டும் தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போகும் மக்களை அங்கே இன்றும் பார்க்கலாம். கழிவுநீர் நிலைமை இன்னும் மோசம். பல வீடுகளின் குழாய் நேராக ஓடைக்குள் போகிறது. செப்டிக் டேங்க் வைக்கச் சமதளம் இல்லை, அடியில் பாறை. இது அந்த மக்களின் அலட்சியம் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குழாய்களில் பெரும்பாலானவை வடிவமைக்கப்பட்டதே அப்படித்தான். கம்பெனி கட்டிய காலத்திலேயே ஓடைதான் சாக்கடை.

மெக்டவல் பொதுச் சேவை மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பு இந்தச் சிதைந்த அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் குழாய் போட்டு வருகிறது. மெதுவான வேலை. மத்திய அரசின் மானியம் கிடைத்தால் ஒரு பள்ளத்தாக்கு முடியும், அடுத்ததற்கு மறுபடி விண்ணப்பம், காத்திருப்பு. கைவிடப்பட்ட சுரங்க நிலங்களைச் சீரமைக்க 1977 சட்டத்தின் கீழ் நிலக்கரி மேல் விதிக்கும் கட்டணமும் இதற்கு உதவியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சலிப்பான வேலையாகத் தெரியலாம். என்னைக் கேட்டால் இந்தக் கவுன்டியில் நடக்கும் மிக முக்கியமான வேலை இதுதான்.

வெள்ளம் இதை இன்னும் கடினமாக்குகிறது. 2001 ஜூலையில் ஒரு பெருவெள்ளம், பத்தே மாதத்தில் 2002 மே மாதம் இன்னொன்று. 2025 பிப்ரவரியில் மறுபடி. உயிர்ப்பலி, சாலைகள் போனது, தண்ணீர்க் குழாய்கள் போனது. வீடுகள் எல்லாம் ஓடையை ஒட்டிய ஒரே துண்டில் இருக்கும்போது வேறு என்ன நடக்கும்? மேலே சரிவில் காலியாகக் கிடக்கும் நிலம் பெரும்பாலும் பெரிய நில நிறுவனங்களுடையது. குடும்பங்கள் அங்கே வீடு கட்ட நினைத்தாலும் வாங்க முடியாது. நில உரிமை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது பழங்கதைக்காக இல்லை.

உடல்நலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகு உடைந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கிய போதைப் பழக்கம் இந்த ஊரைப் பிய்த்துப்போட்டது. அளவுக்கு மீறி எடுத்து இறந்தவர்களின் விகிதத்தில் நாட்டின் மிக மோசமான கவுன்டிகளில் ஒன்று. 2010-ஐ ஒட்டிய கணக்கில் இங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 64. சில மணிநேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் 82. பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நிறைய. 2016-ல் வால்மார்ட் கடை மூடியபோது வேலை போனதோடு, பலருக்குப் பச்சைக் காய்கறி வாங்கப் பக்கத்துக் கவுன்டிக்குப் போக வேண்டிய நிலைமையும் வந்தது. அரசியலில், 2008-ல் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை கொடுத்த இதே மக்கள் 2016-ல் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். நிலக்கரி வேலை திரும்ப வரும் என்ற பேச்சுக்குக் கிடைத்த ஓட்டு அதில் கணிசம்.

வேலைகள் இன்று பெரும்பாலும் பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம், சிறை. 2010 வாக்கில் வெல்ச் பக்கத்தில் மத்திய அரசின் பெரிய சிறை ஒன்று வந்தது. ஆசிரியர்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தங்க வீடு இல்லை. ஒரு காலத்தில் ஒரு லட்சம் பேர் இருந்த கவுன்டியில் வாடகைக்கு விட உருப்படியான வீடு இல்லை என்பது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பழைய கேம்ப் வீடுகள் இற்றுப்போய்விட்டன. அமெரிக்க ஆசிரியர் சங்கம் 2011 கடைசியிலிருந்து இங்கே ஒரு கூட்டு முயற்சியை நடத்தி, ஆசிரியர்களுக்கென்றே வெல்ச்சில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பியது.

சுற்றுலா ஓரளவு கைகொடுக்கிறது. ஹாட்ஃபீல்ட்-மெக்காய் டிரெய்ல்ஸ் என்ற பெயரில் மாநில அமைப்பு ஒன்று பழைய சுரங்கச் சாலைகளையும் மரம் வெட்டிய தடங்களையும் நாலு சக்கர மலை வண்டி ஓட்டுபவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. கேரி, வார், வெல்ச் தெருக்களில் வார இறுதியில் சேறு அப்பிய வண்டிகள் வரிசையாக நிற்கும். பழைய வீடுகளைச் சரிசெய்து தங்கும் இடமாக்கியவர்கள் இருக்கிறார்கள். அங்கும் தடம் போகும் நிலம் பெரிய நில நிறுவனங்களுடையது, அனுமதி வாங்கித்தான் ஓட்ட வேண்டும். இன்னொரு ஆச்சரியம் எல்க்ஹார்ன் ஓடையில் டிரௌட் மீன். கைவிட்ட சுரங்கங்களிலிருந்து வருடம் முழுவதும் குளிர்ந்த தண்ணீர் வந்து கலப்பதால், இவ்வளவு கழிவுநீர் ஓடும் ஓடையிலும் டிரௌட் தானாக இனப்பெருக்கம் செய்து பெருகியிருக்கிறது. தூண்டில் போடுபவர்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள்.

நிலக்கரி? வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மின்சாரத்துக்கு எரிக்கும் நிலக்கரியின் சந்தை சுருங்கினாலும், உருக்குக்கான உயர்தர நிலக்கரிக்கு உலகச் சந்தை இருக்கிறது. அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் அந்த வகை நிலக்கரியை வாங்கும் பெரிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மெக்டவல் வழியே இன்றும் நீளமான நிலக்கரி ரயில்கள் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போகின்றன. விலை ஏறினால் சுரங்கம் திறக்கும், இறங்கினால் மூடும். ஒரு சுரங்கத்துக்கு இப்போது தேவைப்படுவது சில நூறு பேர், பல இடங்களில் அதற்கும் குறைவு. அந்த வேலைக்கு நல்ல சம்பளம் கிடைக்கிறது, கிடைத்தவர்கள் அதைப் பிடித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் அதை நம்பி 1950-ன் மெக்டவல் திரும்ப வரும் என்று யாராவது சொன்னால், நிலக்கரி வெட்டு உச்சத்தில் இருந்த 1950-களிலேயே 27,000 பேர் கிளம்பிப் போனதை அவருக்கு எடுத்துக் காட்டுங்கள்.